ஹவெல் தா: ஒரு வேல்ஸ் அரசரின் வாழ்க்கையும் வம்சாவளியும் – ஆதாரத்தைப் படிப்பது எப்படி?

ஒரு வரலாற்றுப் பத்தியைக் கொடுத்து, "இதிலிருந்து நீ அறிவது என்ன?" என்று கேட்டால், நம் மாணவர்களில் பலர் பத்தியில் இருப்பதையே திருப்பி எழுதிவிடுகிறார்கள். "இதை யார் எழுதினார்? எதற்காக எழுதினார்?" என்ற கேள்வி வந்தால் பேனா நின்றுவிடுகிறது. உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகளில் புள்ளிகள் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இதைப் பழக ஒரு நல்ல பயிற்சி இருக்கிறது. நமக்கு முன்பின் தெரியாத ஒரு நாட்டு அரசரின் குலப் பட்டியலை எடுத்துக்கொண்டு அதைத் துருவிப் பார்ப்பது. தெரியாத நாடு என்பதால் யார் பக்கமும் சாயாமல் படிக்கலாம். நாம் எடுத்துக்கொள்ளப் போகிறவர் பத்தாம் நூற்றாண்டில் வேல்ஸை ஆண்ட ஹவெல் தா. வேல்ஸ் என்பது இங்கிலாந்துக்கு மேற்கே உள்ள மலைநாடு. தனி மொழி, தனி மரபு.

முதலில் பெயர். "ஹவெல்" இயற்பெயர். "தா" என்றால் "நல்லவர்". வேல்ஸ் மொழியில் இந்தச் சொல்லின் முதல் ஒலியை ஆங்கில "டி" எழுத்தை இரண்டு முறை போட்டு எழுதுவார்கள். ஆனால் உச்சரிப்பு நம் "அது" என்ற சொல்லில் வரும் "து" போல மென்மையானது. ஆகவே தமிழர் வாய்க்கு இந்தப் பெயர் சிரமம் இல்லை.

1. ஹவெலின் வாழ்க்கை – சுருக்கம்

அன்றைய வேல்ஸ் ஒரே நாடு இல்லை. வடக்கே குவினெத், கிழக்கே பொவிஸ், மேற்கே செய்சில்லுக், தென்மேற்கே டவெட், இவை தவிர இன்னும் சில சிற்றரசுகள். ஹவெலின் தாத்தா ரோட்ரி மவுர். "மவுர்" என்றால் "பெரியவர்". 844 முதல் குவினெத்தை ஆண்ட ரோட்ரி, பல சிற்றரசுகளைத் தன் கைக்குள் கொண்டுவந்தார். 856இல் வைகிங் தலைவன் ஒருவனைக் கொன்றார். 878இல் ஆங்கிலேயரோடு நடந்த போரில் இறந்தார்.

ரோட்ரியின் மகன்களில் காடெல் என்பவருக்குச் செய்சில்லுக் கிடைத்தது. அந்தக் காடெலின் மகன்தான் ஹவெல். காடெல் 910ஐ ஒட்டி இறந்ததும் ஹவெலும் தம்பி கிளிடாக்கும் ஆட்சிக்கு வந்தார்கள். 920இல் கிளிடாக் இறந்தார். இதற்கிடையில் ஹவெல், டவெட் அரசர் லிவார்க்கின் மகள் எலனை மணந்திருந்தார். காலப்போக்கில் டவெட்டும் அவர் கைக்கு வந்தது. செய்சில்லுக்கும் டவெட்டும் சேர்ந்த பகுதியே பின்னாளில் டெஹய்பார்த் என்ற தென்வேல்ஸ் அரசாயிற்று.

ஆங்கிலேய அரசர்களோடு ஹவெல் மோதவில்லை, பணிந்துபோனார். 918இல் மூத்த எட்வர்டையும், 927ஐ ஒட்டி ஏதல்ஸ்டனையும் மேலரசராக ஏற்றுக்கொண்டார். ஏதல்ஸ்டன் அவையில் எழுதப்பட்ட நிலச் சாசனங்களில் "துணை அரசர்" என்ற பட்டத்தோடு சாட்சியாக இருக்கிறார். தம் மகன் ஒருவருக்கு எட்வின் என்று ஆங்கிலப் பெயரே வைத்தார். 928இல் ரோமுக்குப் புனிதப் பயணம் போய் வந்தார்.

942இல் ஒரு திருப்பம். குவினெத்தை ஆண்ட இட்வால், ஹவெலின் பெரியப்பா மகன், ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டு மாண்டார். ஹவெல் உடனே வடக்கே போய், இட்வாலின் மகன்களை விரட்டிவிட்டு, குவினெத்தையும் எடுத்துக்கொண்டார். 950இல் இறக்கும்வரை வேல்ஸின் பெரும்பகுதி அவர் கையில் இருந்தது.

அவர் பெயர் பொறித்த வெள்ளிக் காசு ஒன்றே ஒன்று கிடைத்திருக்கிறது. இப்போது அது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் "ஹவெல் அரசர்" என்று லத்தீனில் இருக்கிறது. அச்சடித்த இடமோ ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த செஸ்டர் நகரம். அரசர் வேல்ஸ்காரர், அச்சுக்கூடம் ஆங்கிலேயருடையது. இவருடைய அரசியல் முழுவதும் அந்தக் காசுக்குள் அடங்கிவிடுகிறது.

2. வம்சாவளிப் பட்டியல்

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பிரிட்டிஷ் நூலகத்தில் "ஹார்லி 3859" என்று எண்ணிட்ட ஒரு கையெழுத்துப் படி இருக்கிறது. 1100ஐ ஒட்டிப் படியெடுக்கப்பட்டது. அதில் வேல்ஸ் அரச குடும்பங்களின் குலப் பட்டியல்கள் உள்ளன. பட்டியல்கள் தொகுக்கப்பட்டது அதற்கும் முன்னால், ஹவெலின் மகன் ஓவைன் ஆண்ட காலத்தில். எப்படித் தெரியும்? முதல் பட்டியல் ஓவைனின் தந்தை வழி, இரண்டாவது பட்டியல் ஓவைனின் தாய் வழி. மற்ற குடும்பங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான். வரிசையைப் பார்த்தாலே யாருக்காகத் தொகுத்தார்கள் என்பது புரிந்துவிடுகிறது, இல்லீங்களா?

பட்டியலின் அமைப்பு எளிது. ஒரு பெயர், பிறகு "மாப்", பிறகு இன்னொரு பெயர். "மாப்" என்றால் "மகன்". நம் பிறப்புச் சான்றிதழில் "அனாக் லெலாக்கி" என்று போட்டுத் தந்தை பெயரை எழுதுவது போலத்தான். பெண்ணாக இருந்தால் "மெர்க்", அதாவது "மகள்". தந்தை வழிப் பட்டியலைக் கீழிருந்து மேலே இப்படி வரையலாம்:

ஓவைன் ← ஹவெல் ← காடெல் ← ரோட்ரி மவுர் ← மெர்வின் ← எசில்ட் ← கனன் ← (முன்னைய ரோட்ரி) ← இன்னும் மேலே குவினெத்தின் பழைய அரசர்கள்

நிதானமாகப் பாருங்க. எல்லாரும் ஆண்கள். நடுவில் ஒரே ஒரு பெண், எசில்ட். மெர்வினுக்கு மேலே அவருடைய தந்தை பெயர் வரவேண்டிய இடத்தில் தாய் பெயர் வருகிறது. மெர்வினின் தந்தை குவ்ரியாட் என்பது வேறு பட்டியல்களிலிருந்து தெரியும். இங்கே மட்டும் அவரைக் காணோம்.

ஏன்? மெர்வின் குவினெத்தின் பழைய அரச குடும்பத்து ஆண்வழியில் வந்தவர் இல்லை. 825இல் வெளியிலிருந்து வந்து அரியணை ஏறியவர். ஐரிஷ் கடலில் உள்ள மான் தீவிலிருந்து வந்திருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். "குவ்ரியாட்" என்ற பெயர் பொறித்த பழைய சிலுவைக் கல் ஒன்று அந்தத் தீவில் இருக்கிறது. ஆக, தந்தை பெயரைப் போட்டால் "வெளியாள்" என்பது தெரிந்துவிடும். தாய் பெயரைப் போட்டால், கனன் என்ற பழைய குவினெத் அரசரோடு நேராக இணைப்பு கிடைத்துவிடும். எழுதியவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்.

அந்த எசில்ட் யார் என்பதிலும் பட்டியல்கள் ஒத்துப்போகவில்லை. ஹார்லி பட்டியலில் அவர் மெர்வினின் தாய். பிற்காலப் பட்டியல் ஒன்றில் அவர் ரோட்ரி மவுரின் தாய், அதாவது மெர்வினின் மனைவி. ஆள் எந்தத் தலைமுறை என்பது மாறினாலும், "இந்தக் குடும்பம் கனனின் வாரிசு" என்ற செய்தி மட்டும் மாறவில்லை.

இப்போது தாய் வழிப் பட்டியல்:

ஓவைன் ← எலன் ← லிவார்க் ← ஹவைத் ← டாங்குவிஸ்டில் ← (முன்னைய ஓவைன்) ← இன்னும் மேலே டவெட்டின் பழைய அரசர்கள்

இங்கே இரண்டு பெண்கள். எலன் வழியாக ஓவைனுக்கு டவெட் மேல் உரிமை. எலனின் தாத்தா ஹவைத்துக்கும் அந்த உரிமை தன் தாய் டாங்குவிஸ்டில் வழியாகத்தான் வந்திருக்கிறது.

ஆக, மாணவர்கள் மனத்தில் பதிக்கவேண்டிய கருத்து இது: ஆண்கள் வரிசையில் ஒரு பெண்ணின் பெயர் வந்தால், அந்த இடத்தில்தான் ஆட்சி ஒரு குடும்பத்திலிருந்து இன்னொரு குடும்பத்துக்குக் கைமாறியிருக்கிறது. வேறு எங்கும் மனைவி பெயர், மகள் பெயர் எதையும் எழுத அக்கறை காட்டாதவர்கள், இந்த மூன்று பெண்களை மட்டும் ஏன் விடாமல் எழுதினார்கள்? நாட்டின் மேல் உரிமை அவர்கள் வழியாக வந்ததால்தான்.

3. மேலே போகப் போக என்ன நடக்கிறது?

தாய் வழிப் பட்டியல் மேலே ஏறி மேக்சிமஸ் என்ற ரோமானியத் தளபதியை அடைகிறது. அவர் 383இல் பிரிட்டனில் பேரரசராக அறிவிக்கப்பட்டு, 388இல் கொல்லப்பட்டவர். அதோடு நிற்காமல் இன்னும் ஏறி, மாமன்னர் கான்ஸ்டன்டைனையும் அவருடைய தாய் ஹெலனையும் தொடுகிறது.

இங்கே மாணவர்களைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். கான்ஸ்டன்டைன் இறந்தது 337. மேக்சிமஸ் இறந்தது 388. இடைவெளி 51 ஆண்டுகள். ஆனால் பட்டியலில் இந்த இருவருக்கும் இடையே ஐந்துக்கும் மேற்பட்ட தலைமுறைகள்! 51 ஆண்டுகளில் இத்தனை தலைமுறை எப்படிப் பிறக்கும்? மேலும், அந்த இடைப்பட்ட பெயர்களில் ஒன்று "புரொடெக்டர்". அது ஆள் பெயரே இல்லை, ரோமானியப் படையில் காவல் அதிகாரிகளுக்கு இருந்த ஒரு பதவிப் பெயர். பதவி ஒன்று மூதாதையராக மாறிவிட்டது.

தந்தை வழிப் பட்டியலும் சளைத்ததில்லை. அது மேலே போய், இயேசுவின் தாய் மரியாளுக்கு உறவுமுறைச் சகோதரி என்று சொல்லப்படும் ஆனா என்ற பெண்ணில் முடிகிறது.

இன்னொரு சுவையான செய்தி. அதே டவெட் அரச குடும்பத்தைப் பற்றி அயர்லாந்திலும் ஒரு பழைய கதை உண்டு. டேசி என்ற ஐரிஷ் குலத்தார் நாட்டைவிட்டு வெளியேறிய கதை அது. அந்தக் கதைப்படி டவெட் அரசர்கள் கடல் கடந்து வந்த டேசி தலைவரின் வழித்தோன்றல்கள். சில தலைமுறைகள் வரை இரண்டு பட்டியலும் ஒத்துப்போகின்றன. மேலே போகும்போது ஒன்று அயர்லாந்துக்கும் இன்னொன்று ரோமுக்கும் போய்விடுகின்றன. டவெட் பகுதியில் ஓகம் என்ற ஐரிஷ் எழுத்தில் பொறித்த கற்கள் பல இன்றும் உள்ளன. ஐரிஷ் மக்கள் அங்கே குடியேறினார்கள் என்பதற்கு அவையே சாட்சி. அப்படியிருந்தும் ஓவைனுக்காக எழுதியவர் ரோமையே தேர்ந்தெடுத்தார். பேரரசரின் வாரிசு என்று சொல்லிக்கொள்வதில் கிடைக்கும் மரியாதை, ஐரிஷ் குடியேறியின் வாரிசு என்பதில் கிடைக்காது என்று நினைத்திருப்பார் போல.

அப்போ இந்தப் பட்டியல் முழுக்கப் பொய்யா? அவசரப்படக் கூடாது. ரோட்ரி, மெர்வின், கனன், லிவார்க் இவர்கள் எல்லாம் ஆண்டுக்குறிப்புகளிலும் வருகிற உண்மையான மனிதர்கள். பட்டியலின் கீழ்ப்பகுதி நம்பத்தக்க செய்தி. மேல்பகுதி பத்தாம் நூற்றாண்டு மக்கள் எதைப் பெருமையாக நினைத்தார்கள் என்பதற்கான சான்று. இரண்டுமே வரலாற்றுக்குப் பயன்படும், வெவ்வேறு விதத்தில்.

4. சாதாரண மக்களுக்கும் வம்சாவளி ஏன் தேவைப்பட்டது?

ஹவெலின் பெயர் இன்றுவரை நிலைத்திருப்பது சட்டத்தால். வேல்ஸின் பழைய சட்டத் தொகுப்பை "ஹவெலின் சட்டம்" என்றே அழைக்கிறார்கள். ஒவ்வொரு வட்டாரத்திலிருந்தும் ஆறு பேரை அழைத்து, விட்லண்ட் என்ற ஊரில் கூட்டி, பழைய சட்டங்களை ஆராய்ந்து திருத்தி எழுதவைத்தார் என்று அந்தச் சட்டநூல்களின் முன்னுரைகள் சொல்கின்றன. இந்த நூல்களின் இடைக்காலப் படிகள் ஏறத்தாழ 40 கிடைத்துள்ளன. ஆனால் மிகப் பழைய படியே பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஹவெல் இறந்து ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்டது. எனவே "ஹவெலே இதை வரிக்கு வரி எழுதினார்" என்று மாணவர்கள் எழுதக் கூடாது. "ஹவெலின் பெயரால் வழங்கும் சட்டம்" என்று எழுதினால் சரி.

இந்தச் சட்டத்தில் வம்சாவளி வெறும் பெருமைக்கானது இல்லை, அன்றாடத் தேவை. மூன்று இடங்களைப் பாருங்க.

நிலம்: தந்தை இறந்தால் நிலம் மகன்களுக்குள் சமமாகப் பிரியும். பிறகு பேரன்கள் காலத்திலும், கொள்ளுப்பேரன்கள் காலத்திலும் மறுபடி பங்கிடலாம். அதனால் கொள்ளுத்தாத்தா யார் என்று தெரியாதவனுக்குப் பங்கு கேட்க வழியில்லை.

கொலைக்கு ஈடு: ஒருவன் இன்னொருவனைக் கொன்றுவிட்டால், கொன்றவனின் உறவினர்கள் சேர்ந்து, இறந்தவனின் உறவினர்களுக்கு ஈட்டுத்தொகை கட்டவேண்டும். பல படிகள் தள்ளியிருக்கும் உறவினரும் தம் பங்கைக் கொடுத்தாக வேண்டும். யார் யாருக்கு எத்தனையாவது படி உறவு என்று தெரியாமல் இந்தக் கணக்கை முடிக்க முடியாது.

தாய்வழி உரிமை: பொதுவாகப் பெண்கள் வழியாக நிலம் போகாது. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. குடும்பத்தாரே தங்கள் பெண்ணை வெளிநாட்டான் ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தால், அவளுடைய மகன்கள் தாய்வழியில் நிலத்தைக் கேட்கலாம். இந்த விதியை மெர்வினின் கதையோடு வைத்துப் பாருங்க. வெளியாளுக்குப் பிறந்தவர், தாய்வழியில் உரிமை. சாதாரணக் குடியானவனுக்கு நிலத்தில் இருந்த அதே வாதத்தைத்தான் அரச குடும்பம் நாட்டின் மேல் வைத்திருக்கிறது. கேட்பவர்களுக்கு அது புதுமையாக இருந்திருக்காது. பட்டியலில் எசில்ட்டின் பெயர் ஏன் வெட்கமில்லாமல், வெளிப்படையாக நிற்கிறது என்பதற்கு இது நல்ல விளக்கம்.

அரச குடும்பத்துக்கோ இந்தப் பங்கீட்டு வழக்கம் பெரிய தலைவலி. ஹவெல் சேர்த்த நாடு அவர் கண்ணை மூடியதும் சிதறியது. இட்வாலின் மகன்கள் திரும்பி வந்து குவினெத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஹவெலின் மகன்களில் ஓவைன் மட்டுமே நெடுங்காலம் நிலைத்து, 988 வரை வாழ்ந்தார், அதுவும் தெற்கில் மட்டும். இந்தப் பின்னணியில்தான் அவருக்காக அந்த இரண்டு பட்டியலும் எழுதப்பட்டன. வடக்கு கையைவிட்டுப் போன பிறகும், "குவினெத் என் தந்தை வழி, டவெட் என் தாய் வழி" என்று ஏட்டில் எழுதிவைத்தார்கள். வாளால் காப்பாற்ற முடியாத உரிமையை ஏடு சுமந்தது.

5. "நல்லவர்" – யாருக்கு?

"தா" என்ற அடைமொழி ஹவெலின் காசில் இல்லை, சாசனங்களிலும் இல்லை. சட்டத்தின் புகழோடு பின்னாளில் ஒட்டிக்கொண்டது. அவர் காலத்தில் எல்லாரும் அவரை மெச்சவில்லை என்பதற்கும் சான்று உண்டு. "ஆர்மெஸ் பிரிடைன்" என்ற வேல்ஸ் கவிதை அந்த நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது என்று பலர் கருதுகிறார்கள். டப்ளின் வைகிங்குகளோடும் மற்றவர்களோடும் கூட்டுச் சேர்ந்து ஆங்கிலேயரை விரட்டவேண்டும் என்று அது அறைகூவுகிறது. ஹவெலின் பணிவு அரசியலுக்கு நேர் எதிரான குரல் அது.

பணிந்ததால் அவர் நாட்டுக்கு அமைதி கிடைத்தது. எதிர்த்த இட்வால் உயிரையும் நாட்டையும் இழந்தார். அதேசமயம், அந்த இட்வாலின் பிள்ளைகளை விரட்டியவரும் ஹவெல்தான். இரண்டையும் எழுதுகிற மாணவருக்கே முழுப் புள்ளி கிடைக்கும்.

வகுப்பறைப் பயிற்றி

ஆசிரியர்களே, இரண்டு பட்டியலையும் வெண்பலகையில் வரைந்து, மாணவர்களைக் குழுவாகப் பிரித்து, கீழ்க்காணும் கேள்விகளைக் கொடுக்கலாம். முதல் இரண்டும் நேரடிக் கருத்துணர் கேள்விகள். மற்றவை உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகள்.

1. ஹவெலுக்கும் ரோட்ரி மவுருக்கும் என்ன உறவு? ஹவெலுக்கும் இட்வாலுக்கும்?

2. "மாப்", "மெர்க்" ஆகிய சொற்களின் பொருள் யாது?

3. மெர்வினின் தந்தை பெயர் ஓவைனின் பட்டியலில் விடுபட்டதற்குக் காரணம் என்னவாக இருக்கும்? (குறிப்பு: யாருக்கு அந்த நாட்டின் மேல் உரிமை என்பதிலிருந்து தொடங்குங்கள். "மறந்துவிட்டார்கள்" என்ற விடைக்குப் புள்ளி இல்லை.)

4. கான்ஸ்டன்டைன், மேக்சிமஸ் ஆகியோரின் இறப்பு ஆண்டுகளைக் கொண்டு பட்டியலின் நம்பகத்தன்மையை மதிப்பிடுக. (குறிப்பு: ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ 25 ஆண்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

5. "ஹவெல் நல்லவர் என்ற பெயருக்கு உரியவரே." இக்கூற்றை ஏற்கிறீர்களா? ஆதரித்து இரண்டும், மறுத்து இரண்டும் சான்றுகள் தந்து எழுதுக.

ஐந்தாவது கேள்விக்கு நேரடியாகக் கட்டுரை எழுதச் சொல்லாமல், முதலில் இருபக்கச் சான்றுகளையும் மனவோட்டவரையில் நிரப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு சான்றுக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று – காசு, சாசனம், குலப் பட்டியல், சட்டநூல், கவிதை – ஒரே சொல்லில் குறிக்கவேண்டும். அந்த ஒரு சொல்லை எழுதப் பழகிவிட்டால், அடுத்த முறை எந்த வரலாற்றுப் பத்தி வந்தாலும் "இதை யார் சொல்கிறார்?" என்ற கேள்வி மாணவருக்குத் தானாகவே வந்துவிடும்.